இன்ஜின் கத்துது, படகு நகரல

போன எபிசோடுல ரயில் சிக்னல் பத்திப் பேசினோம். இந்த முறை கடல். ஒலியாகக் கேட்டவங்களுக்கு ஒரு குறிப்பு: பதிவுல நான் ரெண்டு இடத்துல தடுமாறினதை இந்த எழுத்து வடிவத்துல சரி பண்ணியிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடிதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நாகப்பட்டினம் பக்கம், அம்மாவோட ஊர். மாமா ஃபைபர் படகு வெச்சிருக்கார், பின்னாடி மாட்டுற அவுட்போர்டு இன்ஜின், 9.9 குதிரைத்திறன். நான் போன நேரத்துல வீட்டுல பெரிய விவாதம். படகுக்குப் பிக்கப் இல்லை. மெதுவா ஓட்டினா ஓடுது. ஆக்சிலேட்டரைத் திருகினா சத்தம் மட்டும் ஏறுது, படகு அப்படியே அசமந்தமா போகுது. பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாச்சு, டீசல் பில்டர் மாதிரி இதுக்கும் ஒரு பில்டர் உண்டு, அதையும் மாத்தியாச்சு. கடைசியா மெக்கானிக் சொன்னது, இன்ஜின் தேஞ்சு போச்சு, புதுசு பாருங்க. அத்தையோட நகையை அடகு வைக்கிறதா வேண்டாமா என்கிற இடத்துல வந்து நிக்குது பேச்சு.

கடற்கரை ஊரைப் பார்க்காதவங்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லணும். துறைமுகம் இல்லாத கரையில இருந்து கிளம்பும்போது அலை உடையுற இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள்ள போக முடியும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்கிற சில விநாடியில படகு சட்டுனு வேகம் எடுக்கணும். எடுக்கலைன்னா அலை படகைக் குறுக்கே திருப்பும். குறுக்கே திரும்பின படகு கவிழும். பைக்கில் பிக்கப் இல்லைன்னா பஸ்ஸை ஓவர்டேக் பண்ண முடியாது, அவ்வளவுதான். இங்கே விஷயம் வேற.

கரையில வலை பிரிச்சுட்டு இருந்த ஒரு பெரியவர், இன்ஜின் ஓடுறதை உட்கார்ந்த இடத்துல இருந்தே கேட்டுட்டு, "மாப்ள, இன்ஜின் கத்துது, படகு நகரல. கோளாறு மேல இல்ல, தண்ணிக்குள்ள"ன்னார். என்ன கண்டுபிடிச்சாங்க என்கிறதைக் கடைசியில சொல்றேன். ஆனா அவர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல வரலாறு இருக்கு. அதை முதன்முதலா நிரூபிக்கிறதுக்கு ஒரு பெரிய இன்ஜினியருக்கு ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆச்சு.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ரெனால்ட்ஸ் நம்பர் ஞாபகம் இருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வரும். அந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், மான்செஸ்டர்ல பேராசிரியர். குழாய்க்குள்ள சாயம் விட்டு அவர் பண்ணின புகழ்பெற்ற சோதனைக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1873-ல, கப்பல் கட்டுறவங்க சங்கத்துல ஒரு கட்டுரை படிக்கிறார். நீராவிக் கப்பல்களோட இன்ஜின் ஏன் 'ரேஸ்' ஆகுது என்கிறதுதான் விஷயம். கவனிங்க, நம்ம ஒர்க்‌ஷாப்புல இன்னிக்கும் புழங்குற அதே வார்த்தை. புயல் நேரத்துல கப்பலோட இன்ஜின் திடீர்னு வெறி பிடிச்ச மாதிரி சுத்தும், கப்பல் வேகம் மட்டும் கூடாது. சில சமயம் இன்ஜினே உடையும்.

அப்ப எல்லாரும் நினைச்சது, அலையில கப்பலோட பின்பக்கம் தூக்கும்போது ப்ரொப்பெல்லர் தண்ணியை விட்டு வெளியே வந்துடுது, அதனால சுமை இல்லாம சுத்துது என்று. தப்பில்லை, ஆனா அது முழுக் கதை இல்லை. ஸ்பிரிங்ல ஓடுற சின்ன மாதிரிப் படகை வெச்சு ரெனால்ட்ஸ் காட்டினது வேற. ப்ரொப்பெல்லர் முழுசா வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. மேல்மட்டத்துக்குக் கிட்ட வந்தாலே போதும், காற்றை உள்ளே இழுத்துக்கும். இறக்கைக்குப் பின்னாடி தண்ணி இருக்கவேண்டிய இடத்துல காற்று உட்கார்ந்துக்கும். காற்றைப் பின்னால் தள்ளி எந்தக் கப்பலும் முன்னால் போகாது. இன்ஜினுக்கோ சுமை குறைஞ்சு போச்சு, அதனால கத்துது.

இன்னிக்கு இதுக்குப் பேர் வென்டிலேஷன். அவுட்போர்டு இன்ஜினைக் கிட்டப் போய்ப் பார்த்தீங்கன்னா, ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே கிடைமட்டமா ஒரு தகடு மாதிரி இருக்கும். மேலிருந்து காற்று இறங்காம அது மறைக்கும். வேடிக்கை என்னன்னா, பல பேர் அதை இன்னமும் ஆன்டி-கேவிட்டேஷன் பிளேட்னுதான் சொல்றாங்க. பேர் தப்பு. அது தடுக்கிறது காற்றை. கேவிட்டேஷன் வேற வியாதி. ரெண்டுக்கும் வெளியில தெரியுற அறிகுறி ஒண்ணுதான், அதனால நூறு வருஷமா குழப்பம் தொடருது. இன்ஜினைப் படகோட பின்பலகையில கொஞ்சம் உயரமா மாட்டிட்டா வர்றது ரெனால்ட்ஸோட வியாதி. அதுக்கு இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை, கீழே இறக்கி மாட்டினா போதும்.

சரி, அந்த இன்னொரு வியாதி?

தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு படிச்சோம். ஊட்டியில அதுக்கு முன்னாடியே கொதிக்கும், ஏன்னா அங்கே காற்றழுத்தம் கம்மி. அதனாலதான் அங்கே குக்கர் இல்லாம பருப்பு வேக நேரம் ஆகும். அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைச்சுட்டே போனா, ஒரு கட்டத்துல சாதாரணக் கடல் தண்ணியே, சூடு பண்ணாமலேயே கொதிக்கும். ப்ரொப்பெல்லர் ரொம்ப வேகமா சுத்தும்போது இறக்கையோட ஒரு பக்கத்துல அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கிடும். தண்ணி அங்கேயே ஆவியாகிக் குமிழி விடும். காற்று எதுவும் மேலிருந்து வரலை, தண்ணியே வாயுவா மாறிடுச்சு. சாதாரண வெப்பத்துல, திறந்த குழாய்க்குள்ள, தண்ணியைக் குறுகலான வழியா வேகமா ஓடவிட்டுக் கொதிக்க வைக்கலாம்னு 1894-ல செய்து காட்டினதும் இதே ரெனால்ட்ஸ்தான். மனுஷனுக்கு நம்ம சிலபஸ் ரெண்டு மார்க்தான் குடுக்குது.

அதே சமயத்துல பிரிட்டிஷ் கடற்படைக்கு இது கண்ணெதிரே நடந்துட்டு இருந்தது. தோர்னிகிராஃப்ட் கட்டின டேரிங் என்கிற போர்க்கப்பல், 27 நாட் வேகத்துக்காகக் கட்டினது. நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். சோதனை ஓட்டத்துல அந்த வேகம் வரவே இல்லை. தோர்னிகிராஃப்டும் அவரோட வேலை பார்த்த சிட்னி பார்னபியும் யோசிச்சு, இறக்கைக்குப் பின்னாடி வெற்றிடம் உண்டாகுதுன்னு முடிவுக்கு வந்தாங்க. அந்த வெற்றிடத்துக்குக் கேவிட்டேஷன்னு பேர் யோசனை சொன்னது ஆர்.ஈ. ஃப்ரூட். இறக்கையை அகலமா செய்து மாட்டினாங்க, வேகம் வந்துடுச்சு. இறக்கையோட பரப்பு அதிகமானா அதே தள்ளுவிசை அதிக இடத்துல பரவும், எந்த ஒரு இடத்துலயும் அழுத்தம் அவ்வளவு கீழே போகாது.

இதைவிட மோசமா மாட்டினவர் சார்ல்ஸ் பார்சன்ஸ். இந்த எபிசோடோட நாயகன்.

பார்சன்ஸ் யாருன்னா, நம்ம ஊர் அனல் மின் நிலையத்துல இன்னிக்கும் சுத்துற நீராவி டர்பைனுக்கு அப்பா. 1884-ல அவர் செஞ்ச முதல் டர்பைன் நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுத்தினது. அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத எண். பிரபு வீட்டுப் பிள்ளை, அப்பா அயர்லாந்துல அப்போதைய உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியைக் கட்டினவர். ஆனா காசுக்குக் கஷ்டப்படாத ஆள்னாலும், கூட்டாளிகளோட பிரிஞ்சப்போ தன் சொந்தக் காப்புரிமைகளையே சில வருஷம் இழந்து நின்னவர். அவர் டர்பைனைக் கப்பல்ல வெச்சுக் காட்டணும்னு 1894-ல நண்பர்கள் பணத்தோட ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார். கட்டின படகு பேர் டர்பீனியா. 100 அடிக்குக் கொஞ்சம் மேல நீளம், வெறும் 9 அடி அகலம். ஊசி மாதிரி.

தண்ணியில இறக்கினாங்க. படகு ஓடலை. ஓடுச்சு, ஆனா எதிர்பார்த்ததுக்குப் பக்கத்துலகூட வரலை. ப்ரொப்பெல்லரை மாத்தினார். வேற வடிவம், வேற அளவு, ஒரே தண்டுல ஒண்ணுக்குப் பதிலா மூணு. ஒன்று மாற்றி ஒன்று. எல்லாம் பண்ணியும் 20 நாட்டைத் தொடலை.

இப்ப அவர் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க? உலகத்துல யாரும் கப்பல்ல வைக்காத இன்ஜினை நீங்க வெச்சிருக்கீங்க. படகு ஓடலை. பார்க்கிறவன் எல்லாம் சொல்லப்போறது ஒண்ணுதான்: டர்பைன் கப்பலுக்கு லாயக்கில்லை. புதுசா இருக்கிற பொருள் மேலதான் முதல் சந்தேகம் போகும். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான், ஆப் மெதுவானா போன வாரம் சேர்ந்த பையன் எழுதின கோடுமேலதான் எல்லாருக்கும் சந்தேகம், சர்வர் மூணு மாசமா மூச்சுத் திணறிட்டு இருந்தாலும்.

பார்சன்ஸ் இங்கே செஞ்சதுதான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம். இன்ஜினுக்கும் ப்ரொப்பெல்லர் தண்டுக்கும் நடுவுல ஒரு அளவுமானியைப் பொருத்தினார். ஸ்பிரிங் வெச்ச முறுக்குமானி. தண்டு எவ்வளவு முறுக்கு விசையோட சுத்துதுன்னு அது காட்டும். முறுக்கு விசையும் சுற்று எண்ணிக்கையும் தெரிஞ்சா, இன்ஜின் எவ்வளவு சக்தியைக் கொடுத்துட்டு இருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். அதாவது சந்தேகப்படுற ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சாட்சியை நிறுத்தினார். சாட்சி சொன்னது: டர்பைன் கொடுக்கவேண்டிய சக்தியைக் கொடுக்குது. வாங்கின ப்ரொப்பெல்லர்தான் அதைத் தண்ணிக்கு மாத்தித் தரலை.

ஏன் தரலைன்னா, அந்த வேகம்தான் காரணம். பழைய பிஸ்டன் இன்ஜின்கள் ப்ரொப்பெல்லரை நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றுதான் சுத்தின. டர்பைனோ தண்டோட நேரடியா கோத்தது, நடுவுல கியர் கிடையாது, சுற்று ஆயிரக்கணக்குல. டேரிங்குக்கு வந்த அதே வியாதி, பல மடங்கு கடுமையா.

அடுத்தது அவர் கண்ணால பார்க்க ஆசைப்பட்டார். தண்ணிக்கு அடியில வேகமா சுத்துற ப்ரொப்பெல்லரை எப்படிப் பார்க்கிறது? ரெண்டு அங்குல மாதிரி ப்ரொப்பெல்லர் ஒண்ணு செய்து, தண்ணியைக் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் சூடு பண்ணி, அதுக்குள்ள சுத்தவிட்டார். கொதிக்கத் தயாரா இருக்கிற தண்ணியில குறைந்த வேகத்துலயே குமிழி வந்துடும் இல்லையா, அதுதான் சூட்சுமம். 1895-ல இதையே இன்னும் ஒழுங்கா, செம்புல ஒரு மூடிய சுற்றுக் குழாய் கட்டினார். கண்ணாடி ஜன்னல், உள்ளே அழுத்தத்தைக் குறைக்கக் காற்று உறிஞ்சும் பம்பு. ஆர்க் விளக்கு வெளிச்சத்தைச் சுழலுற கண்ணாடியால் விட்டுவிட்டு அடிச்சார், அதனால சுத்துற இறக்கை நின்ன மாதிரி தெரிஞ்சது. கல்யாண வீட்டுல டிஸ்கோ லைட்டுல ஆடுறவங்க உறைஞ்சு நிக்கிற மாதிரி தெரியும்ல, அதேதான். இறக்கையில ஒட்டிக்கிட்டு இருந்த வெற்றுக் குழிகளை அவர் தன் கண்ணால பார்த்தார். உலகத்தோட முதல் கேவிட்டேஷன் டனல் அது. ஒரு மேஜை மேல வைக்கலாம், அவ்வளவு சின்னது.

கண்ணால பார்த்த பிறகு முடிவு எளிது, செலவுதான் பெருசு. டர்பீனியாவோட வயித்தைப் பிரிச்சார். ஒரே டர்பைனை எடுத்துட்டு மூணு டர்பைன், அதுக்கு மூணு தண்டு, ஒவ்வொரு தண்டுலயும் மூணு ப்ரொப்பெல்லர். மொத்தம் ஒன்பது. எந்த ஒரு இறக்கைக்கும் தாங்க முடியாத சுமை வராத மாதிரி வேலையைப் பிரிச்சுக் கொடுத்துட்டார். வேகம் 34 நாட்டைத் தாண்டியது. அதே படகு உடம்பு.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் எல்லா யூடியூப் வீடியோவுலயும் வர்ற கதை. 1897 ஜூன் 26, விக்டோரியா ராணியோட வைர விழா, ஸ்பிட்ஹெட்ல கடற்படை அணிவகுப்பு. வரிசையா நின்ன போர்க்கப்பல்களுக்கு நடுவுல டர்பீனியா புகுந்து ஓடுச்சு, துரத்தின காவல் படகுகளால பிடிக்க முடியலை. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள ட்ரெட்நாட் போர்க்கப்பலே டர்பைன்ல ஓடுச்சு. நல்ல கதைதான். ஆனா என்னைக் கேட்டா, அந்த ஒரு நாள் சாகசத்தைவிட அந்த முறுக்குமானியை மாட்டின நாள் பெருசு. அன்னிக்கு அளவு எடுக்காம இன்ஜினைக் குறை சொல்லித் தூக்கிப் போட்டிருந்தா, ஸ்பிட்ஹெட்டே இல்லை. டர்பீனியா இன்னிக்கும் நியூகாசில் மியூசியத்துல இருக்கு.

இப்ப அவுட்போர்டுக்கு வருவோம். நார்வேயில பிறந்து அமெரிக்காவுல மில்வாக்கியில குடியேறின ஓலே எவின்ரூட், 1909-ல இருந்து படகுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டாரை வியாபாரமா விற்க ஆரம்பிச்சார். ஒன்றரைக் குதிரைத்திறன். முதல் ஆள் அவர் இல்லை, அவருக்கு முன்னாடியே காமரான் வாட்டர்மேன்னு ஒருத்தர் செய்திருக்கார், ஆனா ஊரெல்லாம் பரப்பினது எவின்ரூட். மேலே இன்ஜின், செங்குத்தா ஒரு தண்டு, கீழே தண்ணிக்குள்ள பல்சக்கரம், அதுல ப்ரொப்பெல்லர். இந்த அமைப்பு இன்னிக்கு வரைக்கும் மாறலை. இப்ப வர்ற இன்ஜின்கள்ல மேலே ஏறக்குறைய ரெண்டு சுற்று சுத்தினாதான் கீழே ஒரு சுற்று. பார்சன்ஸ்கிட்ட இல்லாத கியர் இங்கே இருக்கு, அதனால கேவிட்டேஷன் தொல்லை ரொம்பக் குறைவு.

அதுக்குப் பதிலா புதுசா ஒரு இடம் பழுதாக ஆரம்பிச்சது. ப்ரொப்பெல்லர் பாறையிலயோ கட்டையிலயோ அடிச்சா, அந்த அடி நேரா பல்சக்கரத்துக்குப் போய் அதை உடைச்சுடும். அதனால முதல்ல தண்டுல ஒரு மெல்லிய ஊசியைக் குறுக்கே வெச்சாங்க. அடி விழுந்தா ஊசி முறியும், கியர் பிழைக்கும். ஆனா நடுக்கடல்ல ஊசி மாத்துறது யாருக்கு முடியும்? அப்புறம் வந்ததுதான் ரப்பர் புஷ். தண்டுமேல உட்காருற உலோகக் குழாய்க்கும் ப்ரொப்பெல்லர் உடம்புக்கும் நடுவுல இறுக்கிப் பிடிச்ச ரப்பர். அடி விழுந்தா வழுக்கும், அப்புறம் மறுபடி பிடிச்சுக்கும். நல்ல யோசனை. ரப்பர் கெட்டிப்பட்டு வயசானா, அடி விழாமலேயே வழுக்க ஆரம்பிக்கும். மெதுவா போனா பிடிக்கும், சுமை ஏறினா விட்டுடும்.

இப்ப மாமா படகுக்கு வந்த அறிகுறியைத் திரும்பப் படிங்க.

ஆக, பிக்கப் இல்லைன்னு சொல்றது ஒரே புகார் இல்லை, ரெண்டு. ஆக்சிலேட்டரைத் திருகும்போது சுற்று ஏறலைன்னா, அது இன்ஜின் பக்கம்: டேங்க் மூடியில காற்றுத் துளை அடைச்சிருக்கும், எண்ணெய்க் குழாய் மடிஞ்சிருக்கும், எரிபொருள்ல தண்ணி கலந்திருக்கும், ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு எரியாம இருக்கும். மண்ணெண்ணெயில ஓட்டுற இன்ஜின்னா பிளக்குல கரி. இல்லைன்னா கீழே வலை சுத்திக்கிட்டு இன்ஜினை அமுக்கும், இதுல மட்டும் காரணம் தண்ணிக்குள்ள, அறிகுறி மேலே. ஆனா சுற்று தாராளமா ஏறியும் படகு போகலைன்னா, பிளக்கை எத்தனை தடவை மாத்தினாலும் புண்ணியமில்லை. ரெனால்ட்ஸோட காற்று, பார்சன்ஸோட குமிழி, இல்லை வழுக்குற ரப்பர். காதால கேட்டே பிரிக்கலாம். அந்தப் பெரியவர் அதைத்தான் செஞ்சார்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் இன்ஜினை ஸ்டாண்டுல மாட்டி, டிரம் தண்ணியில ஓட்டிப் பார்த்தார். டிரம்ல அது நல்லாத்தான் ஓடும். முழுச் சுமை கடல்லதான் வரும்.

பெரியவர் கேட்டது அத்தையோட நெயில் பாலிஷ். நட்டைக் கழற்றி, ரப்பருக்கு உள்ளே இருக்கிற குழாய்லயும் வெளியே இருக்கிற ப்ரொப்பெல்லர் உடம்புலயும் சேர்த்து, குறுக்கே ஒரே நேர்க்கோடா சிவப்புல இழுத்தார். காயவிட்டு, திரும்ப மாட்டி, படகைக் கரையோரமா எடுத்துட்டுப் போய் ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை முழுசா திருகிட்டு வந்தாங்க. கழற்றிப் பார்த்தா உள்ளே இருக்கிற கோடு ஒரு பக்கம், வெளியே இருக்கிற கோடு இன்னொரு பக்கம். ஏறக்குறைய கால் வட்டம் தள்ளி நிக்குது. மாமா அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அத்தையைப் பார்த்து, "வளையலை உள்ள வை"ன்னார்.

வேற ப்ரொப்பெல்லர் ஒண்ணு வாங்கி மாட்டினாங்க. செலவு ஆச்சு, ஆனா இன்ஜின் விலையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை. மறுநாள் விடியக்காலை நானும் கரைக்குப் போனேன். மூணாவது அலை உடைஞ்சதும் மாமா திருகினார், படகு மூக்கைத் தூக்கிட்டுப் போச்சு. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கலை, வலை பிரிச்சுட்டு இருந்தார். சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்.

அடுத்த எபிசோடு ரெண்டு வாரத்துல. கடல்ல வேலை செய்யுறவங்க, இந்த ரப்பர் புஷ்ஷுக்கு உங்க ஊர்ல என்ன பேர்னு எழுதி அனுப்புங்க, எங்க ஊர்ல ஆளுக்கொரு பேர் சொன்னாங்க.